மேட்லேப்பில் சிஎஸ்வி கோப்பைப் படிக்க எந்த வழி? காலிப் புலத்தை வைத்து ஓர் ஒப்பீடு

காற்புள்ளி (சிஎஸ்வி கோப்பு), டேப், அரைப்புள்ளி என ஏதோ ஒரு குறியால் மதிப்புகள் பிரிக்கப்பட்ட உரைக்கோப்பை, கணக்கீட்டு மென்பொருளான மேட்லேப்பில் படிக்க ஏழெட்டு ஃபங்ஷன்கள் இருக்கின்றன. கோப்பில் எண்கள் மட்டுமே இருந்து, எல்லா வரியிலும் புலங்கள், அதாவது குறிகளுக்கு இடைப்பட்ட இடங்கள், சமமாக இருந்தால் எதை எடுத்தாலும் விடை ஒன்றுதான். வித்தியாசம் தெரிவது கோப்பு பிசகும்போது: ஒரு புலம் காலி, எண்ணுக்குப் பதில் ஒரு சொல், எதிர்பாராத தேதி. அந்த இடத்தில் சில ஃபங்ஷன்கள் பிழை சொல்லி நிற்கும், சில பாதியிலேயே நிறுத்திவிட்டு ஒன்றும் சொல்லாது, சில ஒரு பொய் எண்ணை வைத்துவிட்டு மேலே போகும். எது வேகம் என்று கேட்டே பலர் தேர்வு செய்கிறார்கள். காலிப் புலத்தை என்ன செய்யும் என்பதை முதலில் கேட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இந்தச் சிறிய கோப்பை எடுத்துக்கொள்வோம்:

தேதி,நிலையம்,வெப்பநிலை,ஈரப்பதம்
03/04/2024,0017,28.4,71
04/04/2024,0017,,72
05/04/2024,0017,28.9,பிழை
06/04/2024,0018,-9999,70

ஐந்தே வரிதான், ஆனால் நடைமுறையில் வரும் தொல்லைகள் எல்லாம் இதில் உண்டு. மேலே தலைப்பு வரி. நாளா மாதமா என்று தெரியாத தேதி. முன்னால் பூஜ்ஜியம் வைத்த அடையாள எண். ஒரு காலிப் புலம். எண் வரவேண்டிய இடத்தில் ஒரு சொல். கடைசியில், அளவி வேலை செய்யாதபோது கருவி எழுதும் -9999.

பழைய கோட்களில் அதிகம் தென்படுவது சிஎஸ்விரீட், டிஎல்எம்ரீட் இரண்டும். சிஎஸ்விரீட் என்பது டிஎல்எம்ரீடைக் கூப்பிடும் ஒரு மேலுறைதான், ஆகவே ஒன்றைப் பற்றிச் சொன்னால் மற்றதற்கும் பொருந்தும். இரண்டுக்கும் எண் மட்டுமே தெரியும். மேலே உள்ள கோப்பைக் கொடுத்தால் முதல் வரியின் முதல் புலத்திலேயே பிழை வரும். அது நல்லது, பிழை வந்தால் சரிசெய்துவிடலாம். ஆபத்து எண்கள் மட்டும் உள்ள கோப்பில்தான் இருக்கிறது. தேதியை வரிசை எண்ணாக மாற்றி, நிலையத்தை நீக்கி, இப்படி வைத்துக்கொள்வோம்:

1,28.4,71
2,,72
3,28.9,70

டிஎல்எம்ரீட் இதை முனகாமல் படித்து, இரண்டாம் வரியின் காலிப் புலத்தில் 0 என்று வைத்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. இருக்கும் இரண்டு அளவுகளின் சராசரி 28.65. மேட்லேப் தருவது 19.1. ஆயிரம் வரிகளில் நாலைந்து புலம் மட்டும் காலி என்றால் சராசரி லேசாகத்தான் தாழும், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். இன்னொன்று: வரியின் கடைசியிலும் காற்புள்ளி இருந்தால், சும்மா ஒரு பூஜ்ஜிய நெடுவரிசை கூடுதலாகச் சேர்ந்துவிடும். ஆவணத்திலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள், படிப்பவர்தான் குறைவு.

2019ஏ பதிப்பில் ரீட்மேட்ரிக்ஸ் வந்த பிறகு இந்த இரண்டையும் பரிந்துரைப்பதில்லை என்று மேட்லேப்பைத் தயாரிக்கும் மேத்வொர்க்ஸே சொல்லிவிட்டது. ரீட்மேட்ரிக்ஸ் காலிப் புலத்தில் வைப்பது, எண் அல்ல என்பதைக் குறிக்கும் என்ஏஎன். (உச்சரிப்பை வைத்து 'நான்' என்று எழுதினால் வாக்கியம் முழுக்கக் குழம்பும் என்பதால் இங்கே எழுத்தெழுத்தாகவே வைத்திருக்கிறது.) அந்த நெடுவரிசைக்குச் சராசரி கேட்டால் விடையும் என்ஏஎன் என்றே வரும், ஏதோ குறைகிறது என்று உடனே தெரிந்துவிடும். அதை அறிந்தே ஒதுக்க நினைத்தால் சராசரி ஃபங்ஷனுக்கு ஒமிட்நான் என்ற ஆப்ஷனைக் கொடுக்கலாம். விடுபட்டதை ஒதுக்கும் முடிவு அப்போது எழுதுகிறவர் கையில் இருக்கும்.

ஆனால் ரீட்மேட்ரிக்ஸும் எல்லாவற்றையும் எண்ணாகவே பார்க்கும். முதல் மாதிரிக் கோப்பை அதற்குக் கொடுத்தால் தலைப்பு வரியைத் தானாகவே தாண்டிவிடும். தேதி நெடுவரிசை முழுக்க என்ஏஎன் ஆகும், 0017 என்பது 17 ஆகும், 'பிழை' என்ற சொல்லும் என்ஏஎன் ஆகும். அதாவது கருவி அளக்கவே இல்லை என்பதும், அளந்து பிழை கண்டது என்பதும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. இது பரவாயில்லை என்றால் ரீட்மேட்ரிக்ஸ் போதும். அந்த வித்தியாசம் முக்கியம் என்றால் இது உங்களுக்கான ஃபங்ஷன் அல்ல.

தலைப்பைத் தானே கண்டுபிடிக்கும் வசதியிலும் ஒரு பொறி உண்டு. தலைப்புகளே எண்களாக இருந்தால், உதாரணமாக 2019, 2020, 2021 என்று ஆண்டுகள், அவற்றையும் தரவின் முதல் வரியாகவே எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட கோப்புக்கு நம்ஹெடர்லைன்ஸ் ஆப்ஷனில் 1 என்று கையால் கொடுத்துவிட வேண்டும்.

பழைய கோடை மாற்றுகிறவர்கள் தடுமாறும் இடம் எண்ணும் முறை. டிஎல்எம்ரீடில் வரியும் நெடுவரிசையும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். மேட்லேப்பின் மற்ற எல்லா இடத்திலும் ஒன்றிலிருந்துதான். டிஎல்எம்ரீடுக்கு வரி 4 என்று கொடுத்திருந்தால் அது ஐந்தாம் வரியிலிருந்து படித்தது. புதிய முறையில் டேட்டாலைன்ஸ் 5 என்று கொடுக்க வேண்டும், அல்லது நம்ஹெடர்லைன்ஸ் 4. பழைய 4-ஐ அப்படியே டேட்டாலைன்ஸில் போட்டால் ஒரு தலைப்பு வரி தரவுக்குள் வந்து உட்காரும். அதேபோல, பழைய கோடில் 'மதிப்பு பூஜ்ஜியமானால் நீக்கு' என்ற வரி எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். காலிப் புலத்தைச் சமாளிக்க யாரோ எழுதிவைத்த ஒட்டு அது. ரீட்மேட்ரிக்ஸுக்கு மாறியதும் அது வேலை செய்யாது, அதோடு உண்மையான பூஜ்ஜியங்களை மட்டும் தூக்கி எறியும்.

ரீட்டேபிள்: ஊகத்தைக் கட்டுக்குள் வைத்தால்

பல வகைத் தரவு கலந்த கோப்புக்கு ரீட்டேபிள்தான். 2013பி பதிப்பில் வந்தது. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனி வகை, தனிப் பெயர். 2020ஏ முதல் இது தானாகவே டிடெக்ட்இம்போர்ட்ஆப்ஷன்ஸ் என்ற ஃபங்ஷனை உள்ளே ஓட்டி, பிரிப்பான் எது, தலைப்பு எங்கே, எந்த நெடுவரிசை என்ன வகை என்று ஊகித்துக்கொள்கிறது. அதனால் 2019-இல் எழுதிய கோட் இன்று வேறு வகைகளைத் தரலாம். பழைய நடத்தையே வேண்டும் என்றால் ஃபார்மேட் ஆப்ஷனில் ஆட்டோ என்று கொடுக்க வேண்டும்.

ஊகம் கோப்பின் தொடக்க வரிகளைப் பார்த்துத்தான் நடக்கிறது. சிக்கலும் அங்கேதான் கிளம்புகிறது. நம் மாதிரியில் 'பிழை' என்ற சொல் முகப்பிலேயே நிறைய வந்தால் ஈரப்பத நெடுவரிசை முழுவதும் எழுத்தாகிவிடலாம். பல்லாயிரம் வரிகளுக்குப் பிறகு ஒருமுறை வந்தால் நெடுவரிசை எண்ணாகவே இருந்து, அந்த ஓரிடத்தில் மட்டும் என்ஏஎன் விழும். கருவி ஒன்றேதான், ஆனால் நேற்றைய கோப்புக்கு ஒரு வகை, இன்றையதற்கு வேறு வகை. கணக்கிடும் கோட் திடீரென உடைவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

தேதியிலும் அதே கதை. 03/04/2024 ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா? இரண்டு வடிவமும் பொருந்தினால் மேட்லேப் ஒன்றைத் தேர்ந்துகொண்டு எச்சரிக்கை காட்டும். கோப்புகளைச் சுழலில் (லூப்) போட்டு ஓட்டுகிறவர்கள் எச்சரிக்கைகளை அணைத்துவைப்பது வழக்கம், எனவே யாரும் அதைப் பார்ப்பதில்லை. மாதத்தின் முதல் 12 நாட்கள் மட்டும் உள்ள கோப்பில் தவறு வெளியே தெரியவே தெரியாது.

ஆகவே ஊகத்தை ஒரே ஒரு முறை ஓடவிட்டு, அதைக் கையால் திருத்தி, பூட்டி வைத்துக்கொள்ள வேண்டும். மாதிரிக் கோப்புக்கு இப்படிச் செய்யலாம். முதலில் டிடெக்ட்இம்போர்ட்ஆப்ஷன்ஸை ஓட்டி, வரும் ஆப்ஷன் பொருளில் டெலிமிட்டர், டேட்டாலைன்ஸ், வேரியபிள்டைப்ஸ் மூன்றையும் கண்ணால் பாருங்கள். செட்வார்டைப் கொண்டு நிலைய நெடுவரிசையை ஸ்ட்ரிங் (எழுத்து வகை) ஆக்குங்கள், 0017 அப்படியே நிற்கும். ஈரப்பதத்தை டபுள் (எண் வகை) என்று கட்டாயப்படுத்துங்கள். தேதியை டேட்டைம் (தேதி வகை) ஆக்கி, செட்வார்ஆப்ட்ஸில் இன்புட்ஃபார்மேட்டாக டிடி/எம்எம்/ஒய்ஒய்ஒய்ஒய் என்று கொடுங்கள். இதில் மாதத்துக்கான இரண்டு எம்களும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், சிறிய எம் நிமிடத்தைக் குறிக்கும். பழைய டேட்ஸ்டர் ஃபங்ஷனில் இது நேர் தலைகீழ் என்பதால் அங்கிருந்து ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் மாதத்தைத் தொலைப்பது வாடிக்கை. பிறகு ப்ரிவ்யூ ஃபங்ஷனுக்குக் கோப்பையும் ஆப்ஷனையும் கொடுத்தால் முதல் எட்டு வரிகளைக் காட்டும். சரியாக இருந்தால் ரீட்டேபிளை ஓட்டலாம்.

இந்த ஆப்ஷன் பொருளை மேட்லேப்பின் சொந்தச் சேமிப்பு வடிவமான மேட் கோப்பில் சேமித்துவைத்து, அதே கருவி தரும் எல்லாக் கோப்புகளுக்கும் அதையே கொடுங்கள். வகைகள் நாளுக்கு நாள் மாறாது. நூற்றுக்கணக்கான சின்னக் கோப்புகள் இருந்தால் நேரமும் கணிசமாக மிச்சமாகும், ஏனென்றால் சிறிய கோப்பைப் படிப்பதைவிட அதை ஊகிப்பதற்கே அதிக வேலை.

எண் வரவேண்டிய இடத்தில் சொல் வந்தால் என்ன செய்வது என்பதை இம்போர்ட்எரர்ரூல் தீர்மானிக்கும். இயல்பாக அது ஃபில், அதாவது என்ஏஎன் வைத்துவிட்டு நகரும். புதிய கருவியின் கோப்பை முதல்முறை படிக்கும்போது அதை எரர் என்று மாற்றி ஓட்டிப் பார்ப்பது நல்லது. எந்தெந்தச் சொற்கள் எண்ணிடத்தில் ஒளிந்திருக்கின்றன என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். காலிப் புலத்துக்கு மிஸ்ஸிங்ரூல் என்று தனி விதி இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாக வைத்திருப்பதால்தான், ரீட்மேட்ரிக்ஸில் கலந்துபோன 'அளக்கவில்லை', 'பிழை' இரண்டையும் இங்கே பிரிக்க முடிகிறது.

-9999 மட்டும் இவற்றில் எதிலும் சிக்காது, அது முறையான எண். படித்து முடித்த பிறகு ஸ்டாண்டர்டைஸ்மிஸ்ஸிங் ஃபங்ஷனுக்கு டேபிளையும் -9999-ஐயும் கொடுத்தால் அவை விடுபட்டவையாக மாறும். படிக்கும்போதே இதைச் செய்துவிடலாம் என்று ட்ரீட்ஆஸ்எம்ப்டி (சொன்ன சொல்லைக் காலியாகக் கொள்ளும் ஆப்ஷன்) என்பதோடு மல்லுக்கட்ட வேண்டாம், அது சொற்களுக்கானது.

தமிழில் தலைப்பு எழுதிய கோப்பு என்றால் இன்னும் இரண்டு கவனம் தேவை. என்கோடிங்கை யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் கொடுங்கள். வேரியபிள்நேமிங்ரூல் ஆப்ஷனில் ப்ரிசர்வ் என்று கொடுங்கள். இல்லையென்றால் 'வெப்பநிலை' என்ற பெயர் மேட்லேப்பின் மாறிப் பெயர் விதிக்குப் பொருந்தாது என்று அடிக்கோடுகளின் வரிசையாக மாறிவிடும். ப்ரிசர்வ் கொடுத்த பின், டேபிளுக்குப் புள்ளி வைத்து, அடைப்புக்குள் மேற்கோளோடு தமிழ்ப் பெயரை எழுதி நெடுவரிசையை எடுக்கலாம்.

அடையாள எண்ணை ஸ்ட்ரிங்காக வைக்கச் சொல்வதற்கு முன்பூஜ்ஜியம் மட்டும் காரணம் அல்ல. டபுள் வகையில் முழு எண்கள் 9007199254740992 வரைதான் ஒன்றுவிடாமல் துல்லியமாக நிற்கும். அதைத் தாண்டிய 17 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் மாறிவிடலாம், இரண்டு வேறு அடையாளங்கள் ஒன்றாகவும் ஆகலாம். பிழைச்செய்தி எதுவும் வராது.

டெக்ஸ்ட்ஸ்கேன், எஃப்ஸ்கேன்எஃப்

எஃப்ஓப்பன் கொண்டு கோப்பைத் திறந்து, நாமே வடிவத்தைச் சொல்லிப் படிக்கும் பழைய வழிகள் இவை. திறக்க முடியாவிட்டால் எஃப்ஓப்பன் -1 தரும், பிழை எழுப்பாது. அதைச் சோதிக்காமல் அடுத்த வரிக்குப் போனால் வரும் பிழைச்செய்தி வேறெங்கோ கைகாட்டும்.

டெக்ஸ்ட்ஸ்கேனில் ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு குறி: எண்ணுக்கு %எஃப், சொல்லுக்கு %எஸ், மேற்கோளுக்குள் இருக்கும் சொல்லுக்கு %க்யூ, தேவையில்லாததைத் தாண்ட நட்சத்திரம் சேர்த்து %*எஸ். புலத்துக்குள்ளேயே காற்புள்ளி இருந்து, அதைச் சுற்றி இரட்டை மேற்கோள் போட்டிருந்தால் %எஸ் அங்கே வெட்டிவிடும், பின்னால் உள்ள எல்லாம் ஒரு நெடுவரிசை நகரும். %க்யூ மேற்கோளை மதித்து ஒரே புலமாக எடுக்கும். காலி எண் புலத்துக்கு இயல்பாக என்ஏஎன் வைக்கும், எம்ப்டிவேல்யூ ஆப்ஷனில் மாற்றலாம்.

இதன் உண்மையான ஆபத்து ரிட்டர்ன்ஆன்எரர் என்ற ஆப்ஷன். இயல்பில் அது ஆன். எண் எதிர்பார்க்கும் இடத்தில் 'பிழை' என்ற சொல்லைப் பார்த்ததும் அதுவரை படித்ததைக் கையில் கொடுத்துவிட்டு அமைதியாக நின்றுவிடும். மாதிரிக் கோப்பின் கடைசி வரி கிடைக்காது. பத்து லட்சம் வரிக் கோப்பில் மூன்றாம் வரியில் இது நடந்தால் மூன்று வரிதான் கையில் இருக்கும். டெக்ஸ்ட்ஸ்கேனுக்குப் பிறகு எஃப்இஓஎஃப் கேட்டு, கோப்பு முடிந்துவிட்டதா என்று பார்ப்பது கட்டாயம். முடியவில்லை என்றால் எங்கோ முட்டி நிற்கிறது. எந்தச் சொல் என்று தெரிந்துவிட்டால் ட்ரீட்ஆஸ்எம்ப்டியில் அதைச் சேர்த்தால் போதும்.

மல்டிபிள்டெலிம்ஸ்ஆஸ்ஒன் என்ற இன்னொரு ஆப்ஷனை, இடைவெளிகளால் பிரித்த கோப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காற்புள்ளிக் கோப்பில் அதைப் போட்டால் அடுத்தடுத்து வரும் இரண்டு காற்புள்ளிகள் ஒன்றாகி, காலிப் புலமே மறைந்து, ஈரப்பதம் வெப்பநிலையின் இடத்துக்கு வந்துவிடும். 72 டிகிரி.

இத்தனை இருந்தும் டெக்ஸ்ட்ஸ்கேனை ஒதுக்கிவிட முடியாது. ஒரே கோப்பில் ஒரு தரவுத் தொகுதி, நடுவில் குறிப்பு வரிகள், பிறகு வேறு வடிவத்தில் இன்னொரு தொகுதி என்று எழுதும் கருவிகள் இருக்கின்றன. கோப்பில் நின்ற இடத்திலிருந்தே, வேறு வடிவத்தில், இத்தனை முறை மட்டும் என்று சொல்லித் தொடர்ந்து படிக்க டெக்ஸ்ட்ஸ்கேன் விடும். ரீட்டேபிள் அதற்கு லாயக்கில்லை.

எஃப்ஸ்கேன்எஃப் எண்களுக்கு மட்டும். ஊகமோ டேபிளோ இல்லாததால் சுமை குறைவு. வாசித்ததை நெடுவரிசை நெடுவரிசையாக நிரப்பும் என்பதால், மூன்று புலக் கோப்புக்கு அளவை 3, முடிவிலி என்று கொடுத்து, பிறகு மேட்ரிக்ஸைத் திருப்பிப் போட வேண்டும். காலிப் புலம் வந்தால் அங்கேயே நிற்கும். அதோடு பாதியில் விட்ட வரியின் மீதியைப் பூஜ்ஜியத்தால் நிரப்பும். மேலே பார்த்த எண் கோப்பில் இரண்டாம் வரி 2, 0, 0 என்று வந்து அத்தோடு முடிந்துவிடும். நீங்களே எழுதிய நிரல் வெளியிட்ட, காலிப் புலத்துக்கு வாய்ப்பே இல்லாத கோப்புக்கு இது நல்ல தேர்வு. வெளியிலிருந்து வரும் கோப்புக்கு வேண்டாம்.

இம்போர்ட்டேட்டா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தலைப்பு இல்லாத கோப்புக்கு மேட்ரிக்ஸும், தலைப்பு உள்ளதற்கு ஸ்ட்ரக்ட்டும் (பெயரிட்ட பகுதிகளின் தொகுப்பு) தரும். கோப்பைப் பொறுத்து விடையின் வகையே மாறும் ஃபங்ஷனைச் சுழலுக்குள் வைக்க வேண்டாம். லோட் ஃபங்ஷனும் எண் கோப்பைப் படிக்கும், ஆனால் எல்லா வரியிலும் புலங்கள் சமமாக இருந்தே ஆக வேண்டும்.

பெரிய கோப்பு

ஒரு டபுள் எண்ணுக்கு 8 பைட். ஒரு கோடி வரி, 12 நெடுவரிசை என்றால் 96 கோடி பைட், அதாவது நினைவகத்தில் ஏறத்தாழ ஒரு ஜிபி. எண்கள் இவ்வளவுதான். சொற்களைச் செல் அரேவாகப் படித்தால் ஒவ்வொரு செல்லுக்கும் உள்ளடக்கம் போக 100 பைட்டுக்கு மேல் மேற்செலவு. நிலையத்தின் பெயர் போலத் திரும்பத் திரும்ப வரும் சொல் என்றால் கேட்டகரிகல் வகையில் படியுங்கள், சொல்லை ஒருமுறை வைத்துக்கொண்டு வரிக்கு ஒரு சிறு குறியீட்டெண் மட்டும் சேமிக்கும்.

எல்லா நெடுவரிசையும் தேவையில்லை என்றால் ஆப்ஷன் பொருளில் செலக்டட்வேரியபிள்நேம்ஸில் தேவையானதை மட்டும் கொடுங்கள். அதற்கும் அடங்காதது என்றால் 2014பி-யில் வந்த டேபுலர்டெக்ஸ்ட்டேட்டாஸ்டோர். இயல்பாக ஒரு தடவைக்கு 20,000 வரி படிக்கும். ஹேஸ்டேட்டா உண்மையாக இருக்கும்வரை ரீட் செய்து, கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் சேர்த்துக்கொண்டே போகலாம். துண்டுகளின் சராசரிகளுக்குச் சராசரி எடுத்துவிடாதீர்கள். கடைசித் துண்டு சிறியதாக இருக்கும், என்ஏஎன் எண்ணிக்கையும் துண்டுக்குத் துண்டு மாறும்.

ஆக்டேவில் ஓட வேண்டுமானால்

மேட்லேப் கோடைப் பெரும்பாலும் ஓட்டும் இலவச மென்பொருளான க்னூ ஆக்டேவின் மையத் தொகுப்பில் ரீட்டேபிளும் ரீட்மேட்ரிக்ஸும் கிடையாது. எனவே இரண்டிலும் ஓட வேண்டிய கோடில் டிஎல்எம்ரீடையோ டெக்ஸ்ட்ஸ்கேனையோதான் நம்ப வேண்டியிருக்கும். ஆக்டேவின் டிஎல்எம்ரீடும் காலிப் புலத்துக்குப் பூஜ்ஜியமே வைக்கும், ஆனால் அதில் எம்ப்டிவேல்யூ என்ற ஆப்ஷன் இருக்கிறது, அதில் என்ஏஎன் கொடுத்துவிடலாம். மேட்லேப்பின் டிஎல்எம்ரீடில் அந்த ஆப்ஷன் இல்லாததால் அந்த ஒரு வரி இரண்டுக்கும் பொதுவாக நிற்காது. தலைப்பு வரியிலும் வேறுபாடு உண்டு. மேட்லேப்பின் சிஎஸ்விரீட் அதைப் பார்த்ததும் பிழை தரும், ஆக்டேவின் சிஎஸ்விரீட் பூஜ்ஜியங்களால் ஒரு வரி போட்டுவிட்டுத் தொடரும். முதல் வரி முழுக்கப் பூஜ்ஜியமாக இருந்தால் அங்கே தலைப்பு இருந்தது என்று பொருள். சொல்லும் எண்ணும் கலந்தது என்றால் ஐஓ தொகுப்பில் உள்ள சிஎஸ்வி2செல் உதவும்.

எந்த வழியில் படித்தாலும் முடித்ததும் இரண்டு எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். 2020பி முதல் உள்ள ரீட்லைன்ஸ் கொண்டு கோப்பின் வரிகளை எண்ணி, தலைப்பையும் கடைசிக் காலி வரியையும் கழித்தால், டேபிளின் உயரத்தோடு பொருந்த வேண்டும். அடுத்து இஸ்மிஸ்ஸிங் கொண்டு நெடுவரிசைக்கு எத்தனை விடுபட்டவை என்று கூட்டிப் பாருங்கள். மாதிரிக் கோப்புக்கு, -9999-ஐ மாற்றிய பின், வெப்பநிலையில் 2, ஈரப்பதத்தில் 1, தேதியிலும் நிலையத்திலும் 0 வர வேண்டும். வேறு எண் வந்தால் கோப்பைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள், ஸ்ப்ரெட்ஷீட்டில் வேண்டாம். ஸ்ப்ரெட்ஷீட் திறந்த கையோடு முன்பூஜ்ஜியத்தை நீக்கி, தேதியைத் தன் விருப்பப்படி மாற்றும். தெரியாமல் சேவ் கொடுத்துவிட்டால் மூலக் கோப்பே போய்விடும்.